நிற்கிறவர் தட்டு

ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பார்கள். அக்காவுக்குப் புத்தியில் ஒரு குறைச்சலும் இல்லை. ஆத்திரம் அதைவிட ஒரு பிடி கூடுதல், அவ்வளவுதான். அது தெருவில் மிச்சமிருக்கிற நாலு கடைக்காரர்களுக்கும் தெரியும், மூடிக்கொண்டு போய்விட்ட எட்டுக் கடைக்காரர்களுக்கும் தெரியும். ஆனால் அந்த ஆத்திரத்தில் அவள் நிற்கிறவர் தட்டையே வழித்துத் துடைத்து விற்றுவிடுவாள் என்று அவர்களில் ஒருவரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவளே நினைக்கவில்லை.

அது என்ன தட்டு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

கடைக்கு ஒரு பெயர் உண்டு, வாசலில் பலகையும் உண்டு. ஆனால் பலகையில் இருக்கிற பெயரைச் சொல்லி வழி கேட்டால் ஒருவரும் காட்ட மாட்டார்கள். "அக்கா தம்பி கடை" என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். முப்பத்தொரு வருஷமாக அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்துகிற புத்தகக்கடை. அக்காவுக்கு அறுபத்து மூன்று. தம்பிக்கு அவளைவிட நாலு வயது குறைவு, தலையில் கறுப்பு என்று சொல்ல ஒரு முடி கிடையாது. இருந்தும் ஊருக்கே அவன் தம்பிதான். இடுப்பு உயரப் பிள்ளைகள்கூட "தம்பி, ஒரு கோடு போட்ட நோட்டு குடுங்க" என்பார்கள். அவனும் "இதோ வந்துட்டேங்க" என்று ஓடுவான்.

கடை திறந்த முதல் வருஷம் ஓர் ஆள் உள்ளே வந்து, ஒரு புத்தகத்தை எடுத்து, நின்றபடியே ஒரு மணி நேரம் படித்தான். வேறு கடையாக இருந்தால் "வாங்குறதா இருந்தா வாங்குங்க, இல்லேன்னா வைங்க" என்று சொல்லியிருப்பார்கள். தம்பியும் அதைத்தான் சொல்லப் போனான். அக்கா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "படிக்கட்டும்டா. கால் வலிச்சா தானே போயிடுவான்" என்றாள்.

கால் வலிக்கவில்லை. மறுநாளும் வந்தான். அவனைப் பார்த்து இன்னொருவர் வந்தார். அப்போது அக்கா ஜன்னலுக்குக் கீழே இருந்த தட்டை அவர்களுக்கென்றே ஒதுக்கி, சட்டமும் போட்டாள். நின்று படிக்கலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் படிக்கலாம். உட்காரக் கூடாது, ஏனென்றால் கடையில் இருப்பது ஒரே ஸ்டூல், அது அக்காவுடையது. பாதியில் வைக்கிற புத்தகத்தில் அடையாளம் வைத்துவிட்டுத் தட்டில் வைக்க வேண்டும். அந்தத் தட்டுப் புத்தகம் விற்பனைக்கு இல்லை, வாசல்படியையும் தாண்டக் கூடாது.

யார் வந்து நின்றார்கள் என்கிறீர்கள்? பெரும்பாலும் அந்தத் தெருக் கடைக்காரர்கள்தான். வியாபாரம் ஓய்ந்த மதியங்களில் கடைக்குக் கடை மனுஷன் ஈ ஓட்டிக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பான்? டெய்லர் தன் புத்தகத்தில் அளவு டேப்பின் ஒரு துண்டை அடையாளமாக வைத்திருந்தார். சாவிக்காரர் வெட்டாத சாவி ஒன்றை நூலில் கட்டிப் போட்டிருந்தார். பட்டன் கடை அம்மா, நாலு பட்டன் தைத்த அட்டை. வாட்ச் ரிப்பேர் செய்கிறவர் பழைய தோல் வார். கடைகள் ஒன்றொன்றாக மூடிப்போன பிறகும் இவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். சொந்தக் கடை போய்விட்டது, நிற்கிற இடம் மட்டும் போகவில்லை.

இத்தனை பேர் படித்த கடையில் படிக்காத ஒரே ஆள் தம்பி. கட்டுவான், பிரிப்பான், தூசி தட்டுவான், எந்தப் புத்தகம் எந்த மூலையில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பான். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் "காகிதம்" என்பான். முதல் வருஷம் ஒரு சண்டையில் அக்கா ஒரு பெரிய நாவலை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தி, "இதைப் படிச்சு முடிச்சுட்டு அப்புறம் என்கிட்ட வாய் பேசு" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே, "அக்கா, நான் புத்தகம் விக்கிறவன். மீன் விக்கிறவன் நீந்தணும்னு சட்டமா?" என்று கேட்டான். அதோடு அந்தப் புத்தகம் எங்கே போனதென்று தெரியவில்லை. அக்காவும் முப்பத்தொரு வருஷமாக அந்த மீன் பேச்சைச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை.

இப்போது மூடுகிற கதைக்கு வருவோம்.

எதிரே இருந்த பெயிண்ட் கடை ஷட்டரை இறக்கிய அன்று தம்பி வாசல்படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அப்போதுதான் வந்து படியேறினாள். கடைக்கு மூன்று படி. போன வருஷம் முட்டியில் ஆபரேஷன் செய்து மூன்று மாதம் வீட்டில் கிடந்த பிறகு, அந்த மூன்று படியும் அவளுக்கு மூன்று மாடி. கைப்பிடியைப் பிடித்து, பல்லைக் கடித்து, மூன்றாவது படியில் நின்று மூச்சு வாங்கினாள். தம்பி திரும்பினான். "அக்கா, போதும்னு தோணுது. மூடிடலாமா?" என்றான்.

அக்காவுக்கு நெஞ்சில் ஒரு அடி விழுந்தது. ஆனால் அவள் வாய் என்ன சொன்னது தெரியுமா? "மூடேன். யாரு வேணாங்குறா?"

அன்று ராத்திரி முழுக்க அவளுக்குத் தூக்கம் இல்லை. அவனுக்கு அலுத்துவிட்டது என்று நினைத்தாள். முப்பத்தொரு வருஷம் அக்கா ஆசைப்பட்டாள் என்பதற்காக மூட்டை தூக்கினான். புத்தகத்தில் அவனுக்கு என்ன பிடிப்பு? இப்போது எல்லோரும் போனில் தட்டினால் புத்தகம் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. வாடகை ஏறுகிறது, ஆள் குறைகிறது. அவனும் மனுஷன்தானே, எத்தனை நாள் சுமப்பான்? போகட்டும், அவனுக்காக மூடுவோம், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று முடிவு செய்தாள். மாத முடிவில் கடையைக் காலி செய்வதாகக் கட்டடக்காரரிடம் தம்பி சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாளிலிருந்து இன்னொரு கூத்து ஆரம்பித்தது. எப்போதும் ஒன்பது மணிக்குக் கடை திறக்கப் போகிறவன், ஏழு மணிக்கே கிளம்பிவிட்டான். அக்காவுக்குக் கீழ்வீடு, தம்பி குடும்பத்துக்கு மாடி வீடு. அவன் மனைவி படிக்கட்டில் நின்று, "என்ன அண்ணி இது, காப்பிகூடக் குடிக்காம ஓடுறாரு. மூடப் போற கடைக்கு இப்படி ஒரு அவசரமா?" என்று கேட்டாள்.

"சீக்கிரம் மூட்டை கட்டணும்ல, அதான்" என்றாள் அக்கா.

அதற்கடுத்த வாரம் தள்ளுபடி விற்பனை என்று பலகை வைத்தார்கள். அடடா, கூட்டம்! எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று எங்கிருந்துதான் வந்தார்களோ. ஆறு வருஷமாகத் தலை காட்டாதவர் ஒருவர் இரண்டு பை நிறைய அள்ளிக்கொண்டு, "மூடாதீங்கக்கா, மனசு கஷ்டமா இருக்கு" என்றார். "இந்த ஆறு வருஷத்துல ஒரு பென்சில் வாங்கியிருந்தா உங்க மனசுக்கு இவ்வளவு கஷ்டம் வந்திருக்காதே" என்றாள் அக்கா. அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள்தான் அந்த வினை. பதினோரு மணிக்கு நல்ல கூட்டம். பக்கத்துத் தெருவில் செருப்புக்கடை இருந்த இடத்தில் புதிதாகப் பார்லர் திறந்திருக்கிற அம்மா வந்தாள். முடி வெட்ட வருகிறவர்கள் காத்திருக்கிற பெஞ்சில் போட்டு வைக்கப் புத்தகம் வேண்டும் என்றாள். சுற்றிப் பார்த்துவிட்டு ஜன்னலடித் தட்டைக் காட்டினாள். "அதெல்லாம் விலைக்கா?"

அக்கா இல்லையென்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துக் கடைக்கோடியில் தம்பி யாரோ சொன்னதற்கு உரக்கச் சிரித்தான். கையில் நூல்கண்டு, முன்னால் நாலு பேர், கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாறுகிறவன் மாதிரி ஒரு சுறுசுறுப்பு. அக்காவுக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. இவனுக்கு இவ்வளவு சந்தோஷமா? முப்பத்தொரு வருஷம் போகிறது, இவன் பல்லைக் காட்டுகிறானே! இவனே சிரிக்கும்போது எனக்கு மட்டும் எதற்குத் தட்டும் சட்டமும்?

"எடுத்துக்கிட்டுப் போங்க. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். சொன்னதோடு விடவில்லை. தன் கையாலேயே அள்ளி, பெயர்கூடப் பார்க்காமல் இரண்டு பையில் திணித்துக் கொடுத்தாள்.

அரைமணி கழித்துத் தம்பி ஜன்னல் பக்கம் வந்தான். வெறும் தட்டைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே இறங்கியது.

"அக்கா, இந்தத் தட்டு?"

"வித்துட்டேன்."

"பதினொண்ணுமா?"

"எத்தனையோ. நான் எண்ணல."

அவன் போய்க் கட்டு கட்ட உட்கார்ந்தான். ஐம்பது கிலோ மூட்டையைத் தூக்கி எறிந்தாலும் அவிழாத முடிச்சுப் போடுகிறவன், அன்று கட்டிய மூன்று கட்டும் வாடிக்கையாளர் கையிலேயே அவிழ்ந்தது. அக்கா அதைப் பார்த்தாள். பதினொன்று என்றானே, பத்துப் பேர்தானே நிற்கிறார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. கூட்டத்தில் அதுவும் போய்விட்டது.

நாலு மணிக்கு டெய்லர் வந்தார். தினமும் வருகிற நேரம். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தட்டை நோக்கிக் குனிந்தவர் அப்படியே நின்றார். அக்கா விஷயத்தைச் சொன்னாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

"பரவாயில்லக்கா" என்றார் அவர். "நானூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல இருந்தேன். பரவாயில்ல."

"உட்காருங்க" என்று அக்கா தன் ஸ்டூலைத் தள்ளினாள். முப்பத்தொரு வருஷத்தில் யாருக்கும் தராத ஸ்டூல்.

"வேண்டாம்க்கா, நின்னே பழகிட்டேன்." ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "வீட்டுல மிஷின் போட்டிருக்கேன்ல, வெளிச்சமே கிடையாது. ஊசில நூல் கோக்கவே அரைமணி ஆகுது. இங்க வந்து நின்னாதான் கண்ணு தெரியுது" என்று சொல்லிவிட்டு, வெறும் கையோடு படியிறங்கிப் போனார்.

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் வந்தால் கோபத்தைக் காட்டிவிடலாம், இந்தப் 'பரவாயில்ல'க்கு என்ன செய்வது? ஒருத்தர் பாதியில் நிறுத்தியதை எடுத்து விற்க நான் யார் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கடை போவது போகட்டும், இவர்கள் புத்தகத்தையாவது இவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தாள். மறுநாள் காலை தம்பியிடம் ஒன்றும் சொல்லாமல் நேரே பார்லருக்குப் போனாள்.

அங்கே போய்ப் பார்த்தால், பெஞ்சில் நாலு பெண்கள், நாலு பேர் கையிலும் புத்தகம். தலையில் சாயம் பூசி, பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் கையில் டெய்லருடைய நாவல். அளவு டேப் துண்டு வெளியே தொங்கியது.

"அம்மா, அது தெரியாம வித்தது. பணத்தைத் திருப்பித் தந்துடறேன், புத்தகத்தைக் குடுங்க" என்றாள் அக்கா.

"நல்லாருக்கே! நேத்து இந்த டேப் இருந்த பக்கத்துல பிரிச்சவ, இதுக்குள்ள முப்பது பக்கம் படிச்சுட்டேன். வீட்டை விட்டு ஓடுன பையனை அவங்க அம்மா திரும்பச் சேர்த்துக்கிட்டாளா இல்லையான்னு தெரியாம நான் எப்படிக் குடுக்குறது?"

"சேர்த்துக்கிட்டா. குடுங்க."

அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஐயையோ, சொல்லிட்டீங்களே! உங்களை யாரு கேட்டா?" என்று கத்திய கத்தலில் சாயம் நெற்றியில் வழிந்தது. பக்கத்தில் இருந்தவள் தன் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "எனக்குச் சொல்லிடாதீங்க, எனக்குச் சொல்லிடாதீங்க" என்றாள்.

அக்கா பழக்கதோஷத்தில், "கடைக்கு வாங்க. எத்தனை நாள் வேணும்னாலும் நின்னு படிங்க. யாரு வேணாங்குறா?" என்றாள்.

"கடையைத்தான் மூடுறீங்களே" என்றாள் பார்லர் அம்மா.

பார்லர் அம்மா நல்லவள், சத்தம் போட்டவளைச் சமாதானம் செய்து, ஒவ்வொரு புத்தகமாக வாங்கி மேஜையில் அடுக்கினாள். "எடுத்துக்கிட்டுப் போங்கக்கா. ஆனா எனக்கு வேற புத்தகம் தரணும். எப்பவும் என் முறை உன் முறைன்னு அடிச்சுக்குவாங்க. நேத்து ஒருத்தி, நீங்க முதல்ல போங்க, நான் இந்த அத்தியாயத்தை முடிச்சுக்கிறேன்னு சொல்றா!" என்றாள்.

அக்கா எண்ணினாள். பட்டன் அட்டை, சாவி, தோல் வார், டேப். பத்து இருந்தது. பதினொன்றாவதாக, பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்ட ஒரு தடிப் புத்தகம். அது யாருடையதென்று தெரியவில்லை. பிரித்தாள்.

முதல் பக்கத்தில் அவளுடைய கையெழுத்தே இருந்தது. "தம்பிக்கு. படித்து முடித்துவிட்டுப் பேசு." கீழே முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய தேதி.

அடையாளமாக நீளமான ஒரு காகிதம் இருந்தது. பார்சல் சுற்றுகிற காகிதத்தைக் கிழித்து மடித்தது. அதில் தம்பியின் குண்டு குண்டு எழுத்தில் எண்கள். முதல் வரியில் ஒரு தேதி. அவளுக்கு முட்டி ஆபரேஷன் நடந்த வாரம், அவன் கடையில் முதல்முறையாகத் தனியாக இருந்த வாரம். பிறகு 2, 4, 6, 8 என்று தினம் இரண்டிரண்டு பக்கமாக, காகிதத்தின் இரு புறமும் எறும்பு வரிசையாக எண்கள் போய்க்கொண்டே இருந்தன. 698. 700. 702.

702க்கு அப்புறம் எண்கள் துள்ளின. 717. 731. 748. பதினைந்து, பதினாலு, பதினேழு பக்கம். அக்கா நாளை எண்ணிப் பார்த்தாள். கடையை மூடலாம் என்று முடிவான மறுநாளிலிருந்து. அவன் ஏழு மணிக்கே ஓட ஆரம்பித்த நாளிலிருந்து. கடைசி எண் 867. அதற்குக் கீழே, புத்தகத்தின் கடைசிப் பக்கமான 980ஐ எழுதி வட்டமிட்டு, பக்கத்தில் மாதக் கடைசித் தேதி. கடையின் கடைசி நாள்.

மூட்டை கட்ட ஓடவில்லை அவன். கடை போவதற்குள் படித்து முடிக்க ஓடியிருக்கிறான். ஏழு மணிக்கு, காப்பிகூடக் குடிக்காமல், யாரும் வராத நேரத்தில் ஜன்னலடியில் நின்றுகொண்டு.

அக்கா பக்கத்தில் இருந்த சுழல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். ஓடிவந்த பெண் ஒருத்தி, முடி வெட்டத்தான் உட்கார்ந்தாள் என்று நினைத்து அவள் கழுத்தில் துணியைக் கட்டினாள். "எவ்வளவுக்கா குறைக்கணும்?" என்று கேட்டாள். அக்கா அந்தத் துணியிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடப்பாவி, அடப்பாவி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தபோது தம்பி கீழ்த்தட்டுகளைப் பிரித்துப் பலகைகளைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் இன்னும் வரவில்லை. அக்கா படியேறி, மூச்சு வாங்கி, பழுப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கியேடா!"

தம்பி புத்தகத்தைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், திருடன் மாதிரி தலையைச் சொறிந்தான். "கிடைச்சிடுச்சா" என்றான். அந்த ஒரு வார்த்தையில் அவனுக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை மறைக்க அவனால் முடியவில்லை.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ விடுவியா? மீன்காரன் நீந்துறான்னு ஊரெல்லாம் தண்டோரா போட்டிருப்ப."

போட்டிருப்பாள்தான். அதனால் அக்கா வேறு பக்கம் போனாள். "சரி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க வேண்டியதுதானே? எதுக்கு ஏழு மணிக்கு ஓடி வந்து நிக்கணும்?"

"நிக்கிறவர் தட்டுப் புத்தகம் வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?" என்றான் தம்பி. "நீ ஆஸ்பத்திரில இருந்தப்போ கடைல பேச்சுத் துணைக்கு ஆளே இல்லக்கா. திட்டக்கூட ஆள் இல்ல. பரண்ல இது கிடந்துச்சு. உன் கையெழுத்து இருந்துச்சா, சரி, நீ திட்டுற மாதிரி இருக்கட்டும்னு எடுத்தேன். அப்புறம் விட முடியல."

அக்காவுக்கு மறுபடி கண் கலங்கியது. கலங்கினால் கோபமாக மாற்றிவிடுவது அவள் வழக்கம். "அப்புறம் எதுக்குடா மூடலாம்னு சொன்ன? உனக்கு அலுத்துப்போச்சுன்னு நெனச்சு நான் தூங்காமக் கிடக்குறேன்!"

"எனக்கா? எனக்கு என்ன அலுப்பு?" தம்பி வாய் பிளந்தான். "நீ அந்தப் படியில ஏறி நிக்கிறப்போ உன் முகத்தை நீ பாத்திருக்கியா? தினமும் பாக்குறவன் நான். எனக்காகத்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு வர்றன்னு நெனச்சேன். மூடிடலாமான்னு கேட்டா, உடனே மூடேன்னு சொல்லிட்ட. சரி, உனக்கும் அதான் ஆசைன்னு..."

"அப்போ நேத்து எதுக்கு அப்படிச் சிரிச்ச?"

"நானும் அழுதா உனக்கு யாருக்கா ஆறுதல் சொல்றது?"

பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிற குடும்பத்தில் பிறந்தால் இப்படித்தான். ஒருவருக்காக ஒருவர் என்று இரண்டு பேருமே தங்கள் கழுத்தை நீட்டிவிட்டார்கள்.

"படிதான் பிரச்சினைன்னா படியை இடிடா, முட்டாள். கடையை ஏன்டா இடிக்கிற?" என்றாள் அக்கா.

தம்பி சுவரில் சாய்த்திருந்த பலகைகளைப் பார்த்தான். சுத்தியலை எடுத்தான்.

நாலு மணிக்கு டெய்லர் வந்தபோது படி இருந்த இடத்தில் சரிவாக ஒரு பலகைப் பாதை இருந்தது. அதன்மேல் அக்கா கைப்பிடியைத் தொடாமல் மேலும் கீழும் நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டெய்லருக்கு அவருடைய புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். "நானூத்திப் பன்னெண்டுல இருந்தது நீங்க. இதுல இன்னொரு அம்மாவும் நானூத்தி நாப்பத்திரண்டு வரைக்கும் வந்திருக்காங்க. அவங்க நாளைக்கு வருவாங்க, முறை வெச்சுக்கிட்டுப் படிங்க. முடிவை மட்டும் என்கிட்ட கேட்காதீங்க" என்றாள்.

பிறகு தான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். பாதித் தட்டுகள் காலியாகிவிட்டன, ஜன்னல் பக்கம் சும்மாதான் கிடக்கிறது, வெளிச்சமும் அங்கேதான். "உங்க மிஷினை இங்க கொண்டுவந்து போடுங்க. வாடகையில பாதி உங்களுது. புத்தகம் வாங்க வர்றவங்க பேன்ட் குறைச்சுக்கட்டும், பேன்ட் குறைக்க வர்றவங்க புத்தகம் பாக்கட்டும். நிக்கிறவர் தட்டை மட்டும் நகர்த்தக் கூடாது."

டெய்லர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "அப்போ நான் உட்கார்ந்து தைக்கலாமாக்கா?" என்று கேட்டார். "தைக்கிறதுக்கு உட்காரலாம். படிக்கிறதுக்கு எழுந்து நிக்கணும்" என்றாள் அக்கா.

கட்டடக்காரரிடம் அக்காவே போய்ப் பேசினாள். என்ன பேசினாளோ, அந்த மனுஷன் கதவு வரை வந்து வழியனுப்பினார். ஆனால் அவரும் கெட்டிக்காரர். "எத்தனை நாளைக்குத்தான் ஓட்டுவீங்க? ஒரு கணக்குச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். அதற்கு மட்டும் அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. யாரால் சொல்ல முடியும்? பார்லர் அம்மா மாதம் ஒரு கட்டு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். டெய்லர் பாதி தருகிறார். அதற்கு மேல் நாளைக்கு எத்தனை பேர் படியேறி வருவார்கள், இல்லை, சரிவேறி வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

அன்று சாயங்காலம் கடையைப் பூட்டும்போது தம்பியும் அதையே கேட்டான். "எத்தனை நாளைக்குக்கா?"

அக்கா ஜன்னலடித் தட்டைப் பார்த்தாள். பதினொரு புத்தகமும் அதனதன் அடையாளத்தோடு இருந்தன.

"பெரிய கணக்கெல்லாம் வேண்டாம். நீ அந்தப் புத்தகத்தை முடிக்கிற வரைக்கும் கடை இருக்கும்" என்றாள். "முடிச்சதும் பேசுவோம். அதான் அதுல எழுதியே குடுத்திருக்கேனே, படிச்சு முடிச்சுட்டுப் பேசுன்னு."

தம்பி தலையாட்டினான். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தான்.

மறுநாள் ஒன்பது மணிக்குத்தான் அவன் வீட்டைவிட்டுக் கிளம்பினான், காப்பி குடித்துவிட்டு. அக்கா பத்து மணிக்குக் கடைக்கு வந்தாள். அவன் பின்பக்கம் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பழுப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்து அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். வட்டமிட்ட 980, பக்கத்திலிருந்த மாதக் கடைசித் தேதி, இரண்டும் அடித்துவிடப்பட்டிருந்தன. 867க்கு அடுத்து 868 என்று இருந்தது.

ஒரே ஒரு பக்கம். பதினைந்தும் பதினேழும் படித்தவன்!

அதற்கு மறுநாள் பார்த்தாள். 869.

அதற்கும் மறுநாள் பார்த்தாள். மறுபடியும் 869 என்றே எழுதியிருந்தது. அக்கா காகிதத்தை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்து, புத்தகத்தைத் தட்டில் நேராக நிறுத்தினாள். பிறகு போய்த் தள்ளுபடிப் பலகையை உள்ளே எடுத்து வைத்தாள்.